படம்: டேனியல் மோரெல்

ஜனவரியில் போர்ட்-ஓ-பிரின்ஸ் நகரில் மாலை ஐந்தரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். 2010 ஜனவரி 12 அன்று நிலநடுக்கம் வந்தபோது மணி 4.53. ஹைட்டியின் தலைநகரம் கண்முன்னே சரிந்துகொண்டிருந்த அந்த மாலையில், கையில் கேமராவோடு தெருவில் நின்ற ஒருவருக்கு மிச்சமிருந்த பகல் வெளிச்சம் நாற்பது நிமிடம்கூட இல்லை. அப்புறம் இருட்டு. மின்சாரமும் போய்விட்ட ஊரின் இருட்டு.

அந்த நேரத்துக்குள் டேனியல் மோரெல் தெருத்தெருவாக நடந்தார். போர்ட்-ஓ-பிரின்ஸில் பிறந்தவர். அப்போது வயது ஐம்பத்தெட்டைத் தாண்டியிருந்தது. அன்று அவர் எடுத்த படங்களில் ஒன்றை உலகமே பார்த்தது: இடிபாடுகளின் நடுவிலிருந்து வெளியே வரும் ஒரு பெண். முகம், முடி, கை எல்லாம் சிமென்ட் தூசி படிந்து வெளுத்திருக்கும். கண்கள் மட்டும்தான் அந்த வெள்ளைக்குள் உயிரோடு இருக்கும். அடுத்த ஓரிரு நாட்களில் பல நாட்டுப் பத்திரிகைகள் அந்தப் படத்தை முதல் பக்கத்தில் போட்டன. பல இடங்களில் படத்துக்குக் கீழே வேறு ஒருவரின் பெயர் இருந்தது.

அந்தப் பெயர் எப்படி மாறியது, திரும்பக் கிடைக்க எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதுதான் இந்தக் கட்டுரை. ஆனால் அதற்கு 2010-லிருந்து தொடங்கினால் போதாது. 1964-க்குப் போக வேண்டும்.

1964 நவம்பர் 12. ஹைட்டியின் சர்வாதிகாரி பிரான்சுவா துவாலியேவின் ஆட்சி. அவரை எதிர்த்து ஆயுதம் ஏந்தி வந்த இளைஞர் குழுவில் மிஞ்சியிருந்த இருவர், மார்செல் நுமா, லூயி துருவேன். தலைநகரின் கல்லறைத் தோட்டத்துச் சுவரை ஒட்டி இருவரையும் கம்பத்தில் கட்டிவைத்துச் சுட்டார்கள். பள்ளிகளுக்கு விடுமுறை விட்டு, பிள்ளைகளை வேடிக்கை பார்க்க வரவைத்தார்கள். கேமராக்களும் வரவழைக்கப்பட்டன. நாடு முழுக்கப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பதுதான் நோக்கம். கூட்டத்தில் நின்ற சிறுவர்களில் ஒருவன் மோரெல். ரொட்டிக்கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. பின்னாளில் ஒரு ஸ்டூடியோ வாசலில் அந்தக் கொலையின் படங்கள் தொங்கியதைப் பார்த்ததும், தான் புகைப்படக்காரன் ஆக வேண்டும் என்று தோன்றியதும் அவரே பல முறை சொல்லியிருக்கிற கதை.

எனக்கு இது திரும்பத் திரும்ப நினைவுக்கு வரும் விஷயம். அந்த ஊரில் படம் என்பது முதலில் அரசாங்கத்தின் ஆயுதமாகத்தான் அந்தப் பிள்ளைகளின் கண்ணில் பட்டது. அதே கருவியை எடுத்து மறுபக்கம் திருப்ப ஒருவன் ஒரு ஆயுளைச் செலவிட்டிருக்கிறான்.

அமெரிக்காவுக்குப் போய்ப் படித்துவிட்டு, 1986 பிப்ரவரி 7 அன்று மகன் துவாலியே நாட்டைவிட்டு ஓடியதற்குப் பிறகு, மோரெல் ஊர் திரும்பினார். அதற்கப்புறம் ஹைட்டியில் அமைதியான பத்து ஆண்டுகள் சேர்ந்தாற்போல் வரவில்லை. 1987 நவம்பர் 29 அன்று ஓட்டுப்போட வரிசையில் நின்றவர்களை ஒரு பள்ளிக்கூடத்துக்குள்ளேயே வெட்டியும் சுட்டும் கொன்றார்கள். 1991 செப்டம்பரில், ஏழே மாதம் ஆட்சி செய்திருந்த அதிபர் அரிஸ்தீதை ராணுவம் தூக்கியெறிந்தது. 1994-இல் அமெரிக்கப் படைகள் வந்து இறங்கின, அரிஸ்தீத் திரும்பினார். 2004 பிப்ரவரி 29 அன்று மறுபடியும் வெளியேறினார். இந்தக் காலத்தில் பல ஆண்டுகள் மோரெல் ஏ.பி. என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனத்துக்காகப் படம் எடுத்தார்.

செய்தி நிறுவனத்துக்கு வேலை செய்கிறவரிடம் கேட்பது கலவரப் படம்தான். டயர் எரிய வேண்டும், கல் பறக்க வேண்டும். ஆனால் அங்கேயே குடியிருக்கிறவன் கலவரம் இல்லாத நாளிலும் வீட்டைவிட்டு வெளியே வந்தாக வேண்டும். டாப்-டாப் என்று அவர்கள் சொல்லும், உடம்பெல்லாம் சித்திரம் தீட்டிய பயணி வண்டிகள் ஆளை அடைத்துக்கொண்டு போகும். மடான் சாரா என்று அழைக்கப்படும் வியாபாரிப் பெண்கள் மலைக் கிராமங்களில் வாங்கிய காய்கறியை மூட்டை கட்டி நகரத்துக்கு இறக்குவார்கள். நாட்டின் உணவு வியாபாரமே அந்தப் பெண்களின் தலையில்தான் போகிறது. மரக்கரி மூட்டைகள், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வரும் பழைய துணிக் குவியல், தவக்காலத்தில் தகரக் கொம்பு ஊதிக்கொண்டு சாலையை அடைத்து வரும் ராரா ஊர்வலம், வோடு சடங்குகள். மோரெல் இதையெல்லாமும் எடுத்தார். வேறொரு ஊரிலிருந்து நாலு நாளுக்கு வந்து போகிறவருக்கு வோடு என்றால் ரத்தமும் ஆவேசமும். மோரெலுக்கோ அது பக்கத்து வீட்டாரின் வழிபாடு.

நிலக்காட்சியும் அப்படித்தான். மலைக்குப் பின்னால் மலை என்று க்ரெயோல் மொழியில் ஒரு பழமொழி உண்டு. போர்ட்-ஓ-பிரின்ஸின் தெற்கே நிமிர்ந்து பார்த்தால் அது அப்படியே கண்ணில் தெரியும். சரிவுகளில் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கிற மாதிரி வீடுகள். கம்பி குறைவாகவும் சிமென்ட் சிக்கனமாகவும் போட்டு, புயலுக்குப் பயந்து மேலே மட்டும் கனமான கான்கிரீட் கூரை வைத்த வீடுகள். காற்றைத் தாங்கும் அந்தக் கனம், பூமி ஆடியபோது தட்டுத்தட்டாக ஒன்றன்மேல் ஒன்று அமுங்கியது. நிலநடுக்கத்தின் அளவு 7.0. மையம் நகரிலிருந்து மேற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தூரத்தில், லியோகான் பக்கம். இறந்தவர்கள் ஒரு லட்சத்திலிருந்து மூன்று லட்சத்துக்கு மேல் வரை என்று கணக்குக்குக் கணக்கு மாறுகிறது. அத்தனை பேரைக்கூட எண்ணி முடிக்க முடியாத சாவு.

அந்த மலைச்சரிவு ஒன்றைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிட்டு, பெயர் மாறிய கதைக்கு வருகிறேன். ஜலூசி என்று ஒரு குடியிருப்பு, வசதியானவர்கள் வாழும் பெத்தியோன்வில் பகுதியைப் பார்த்தபடி இருக்கிறது. 2013-இல் அரசாங்கம் அங்குள்ள வீடுகளின் முகப்புக்கு ஊதா, பச்சை, இளஞ்சிவப்பு என்று வண்ணம் அடித்தது. எதிரே புதிதாக எழுந்திருந்த நட்சத்திர ஹோட்டல்களின் ஜன்னலிலிருந்து பார்த்தால் மலை ஒரு ஓவியம் மாதிரி இருக்கும். தண்ணீரும் சாக்கடையும் பழையபடிதான் என்று அங்கே குடியிருந்தவர்கள் முறையிட்டார்கள். ஹைட்டி நிலக்காட்சி என்று வருகிற பல அழகான படங்களில் அந்த வண்ணச் சுவர்கள் இருக்கும். ஹோட்டல் பக்கமிருந்து எடுத்ததா, சந்துக்குள்ளே நின்று எடுத்ததா என்று பார்க்கிற பழக்கம் எனக்கு அதிலிருந்துதான் வந்தது.

சரி, அந்த மாலைக்கு வருவோம்.

தொலைபேசிக் கோபுரங்கள் சாய்ந்துவிட்டன. இணையம் சில இடங்களில்தான் வேலை செய்தது. அதில் ஒன்று ஓலோஃப்சன் ஹோட்டல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சாம் என்ற பெரிய குடும்பத்துக்காகக் கட்டிய மரமாளிகை அது, மர வேலைப்பாடு நிறைந்த பழைய பாணிக் கட்டடம். மரம் என்பதால்தானோ என்னவோ, கான்கிரீட்டெல்லாம் விழுந்தபோது அது நின்றது. மோரெல் அங்கே போய், இருந்தவர்களின் உதவியோடு ட்விட்டரில் ஒரு கணக்குத் தொடங்கினார். அப்போது ட்விட்டருக்குள்ளேயே படம் போடும் வசதி இல்லை. ட்விட்பிக் என்ற தளத்தில் ஏற்றி, இணைப்பைப் பகிர வேண்டும். பதின்மூன்று படங்களை ஏற்றினார்.

கொஞ்ச நேரத்தில் அண்டை நாடான டொமினிகன் குடியரசில் இருந்த ஒருவர் அந்தப் படங்களை எடுத்துத் தன் கணக்கில் போட்டுக்கொண்டார். நிலநடுக்கப் படங்கள் தன்னிடம் இருப்பதாக அறிவித்தார். ஏ.எஃப்.பி. என்ற பிரெஞ்சுச் செய்தி நிறுவனத்தின் படப்பிரிவு ஆசிரியர் அந்த இரவில் மோரெலைத் தொடர்புகொள்ளவும் முயன்றிருக்கிறார். ஆனால் பதிலுக்குக் காத்திருக்காமல் அந்த இரண்டாவது ஆளின் பக்கத்திலிருந்து படங்களை இறக்கி, அவர் பெயரைக் கீழே போட்டு அனுப்பிவிட்டார். ஏ.எஃப்.பி.யிடமிருந்து, படங்களை விற்கும் கெட்டி இமேஜஸ் நிறுவனத்துக்கு. கெட்டியிடமிருந்து உலகம் முழுக்கச் சந்தா கட்டியிருக்கும் பத்திரிகைகளுக்கும் தொலைக்காட்சிகளுக்கும். இத்தனைக்கும் மோரெலின் படங்களை விற்கும் உரிமை அப்போது கார்பிஸ் என்ற போட்டி நிறுவனத்திடம் இருந்தது.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். முதல் இரவில் நடந்ததை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஒரு நகரமே விழுந்திருக்கிறது, உலகம் பார்க்கத் துடிக்கிறது, தொலைபேசி கிடைக்கவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் தவறு செய்யலாம். மன்னிக்க முடியாதது அதற்குப் பிறகு நடந்தது.

செய்தி நிறுவனங்களில் கில் நோட்டீஸ் என்று ஒன்று உண்டு. இந்தப் படத்தைப் பயன்படுத்தாதீர்கள், வைத்திருந்தால் அழித்துவிடுங்கள் என்று சந்தாதாரர்களுக்குப் போகும் அவசர அறிவிப்பு. இரண்டு நாள் கழித்து ஏ.எஃப்.பி. அதை அனுப்பியது. கெட்டியின் கிடங்கில் ஒரே படம் இரண்டு பெயர்களில் கிடந்தது: சில மோரெல் பெயரில், சில அந்த இன்னொருவர் பெயரில். மோரெல் பெயரில் இருந்தவை நீக்கப்பட்டன. திருடியவர் பெயரில் இருந்தவை விற்பனையில் தொடர்ந்தன. கணினியில் தேடிய பெயரில் சிக்கவில்லை என்று ஒரு வரியில் விளக்கிவிடலாம்தான். ஆனால் விளைவைப் பாருங்கள்: எடுத்தவரின் பெயர் இருந்த படம் போய்விட்டது, எடுக்காதவரின் பெயரில் அதே படம் காசாகிக்கொண்டிருந்தது.

மோரெல் தன் உரிமையைக் கேட்டார். 2010 மார்ச்சில் வழக்கு நியூயார்க்கில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனது. போட்டது மோரெல் அல்ல. ஏ.எஃப்.பி.தான் முதலில் நீதிமன்றம் போய், நாங்கள் எந்த உரிமையையும் மீறவில்லை என்று அறிவியுங்கள் என்று கேட்டது. அவர் எதிர்வழக்குப் போட்டார்.

ஏ.எஃப்.பி.யின் வாதம் இதுதான்: ட்விட்டரில் ஒருவர் படத்தைப் போட்டால், அதன் விதிமுறைகளின்படி மற்றவர்களும் அதைப் பயன்படுத்த அனுமதி கொடுத்தவராகிறார். அன்றைக்குப் பலரும் உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார்கள். இணையத்தில் கிடந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் இன்றும் போகவில்லை. நீதிபதி அலிசன் நேத்தன் அந்த விதிமுறைகளை வரிவரியாகப் படித்து 2013 ஜனவரியில் சொன்னதன் சாரம்: அந்தத் தளத்துக்குள் பகிர்வதும் மறுபதிவு செய்வதும் வேறு, படத்தை இறக்கி எடுத்துப்போய் விற்பது வேறு. விதிமுறை தரும் அனுமதி தளத்துக்கும் அதன் கூட்டாளிகளுக்கும்தான், ஏ.எஃப்.பி.க்கு இல்லை. ஏ.எஃப்.பி.யும், படங்களை வெளியிட்ட வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையும் பதிப்புரிமையை மீறியிருக்கின்றன.

அதே தீர்ப்பில் மோரெலுக்குப் பாதகமான பகுதியும் உண்டு. படத்தை வெளியிட்ட ஒவ்வொரு சந்தாதாரரையும் தனித்தனி மீறலாக எண்ண வேண்டும் என்பது அவர் தரப்புக் கோரிக்கை. அதை நீதிபதி ஏற்கவில்லை. ஒரு படத்துக்கு ஒரு தொகைதான் என்றார். அந்தப் பகுதியும் நியாயம் என்றே எனக்குப் படுகிறது. நூற்றுக்கணக்கான பத்திரிகைகளால் பெருக்கினால் வரும் தொகை சட்டம் நினைத்த அபராதமாக இருக்காது.

வாஷிங்டன் போஸ்ட், சி.பி.எஸ். தொலைக்காட்சி உள்ளிட்ட சில நிறுவனங்கள் இடையிலேயே சமரசம் செய்துகொண்டன. மிச்சமிருந்த ஏ.எஃப்.பி.யும் கெட்டியும் 2013 நவம்பரில் நடுவர் குழு முன் நின்றன. மீறல் நடந்ததா என்பது அப்போது கேள்வியே இல்லை. தெரிந்தே செய்தார்களா, எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதுதான். தெரிந்தே செய்தார்கள் என்றது நடுவர் குழு. தெரிந்தே மீறினால் ஒரு படைப்புக்கு அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கும் உச்ச அபராதம் 1,50,000 டாலர். வழக்கில் இருந்த எட்டுப் படங்களுக்கும் அந்த உச்சத்தையே போட்டார்கள். 12 லட்சம் டாலர். தொகையைக் குறைக்கவோ தீர்ப்பை மாற்றவோ கேட்டு இரு நிறுவனங்களும் மறுபடி முயன்றன. 2014-இல் நீதிபதி அந்த 12 லட்சத்தை உறுதிசெய்தார்.

இதற்கிடையில் 2011-இல் அதே நிலநடுக்கப் படங்களுக்கு உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியில் மோரெலுக்கு இரண்டு பரிசுகள் கிடைத்திருந்தன. அப்போதே உலகத்துக்குத் தெரியும் யார் எடுத்தது என்று. நீதிமன்றத்தில் தெரிய மேலும் இரண்டு ஆண்டு பிடித்தது.

படத்துக்குக் கீழே வரும் அந்தச் சின்ன எழுத்தை, கிரெடிட் வரியை, வாசகர் பலர் பார்ப்பதே இல்லை. ஆனால் அது ஒரு முகவரி. எந்தத் தெரு, எந்த நேரம், அந்தப் பெண் பிழைத்தாளா, அவளைத் தூக்கியவர்கள் யார் என்று கேட்கப் போக வேண்டிய ஆள் அந்த வரியில் இருக்கிறார். டொமினிகன் குடியரசில் உட்கார்ந்திருந்தவரிடம் இந்தக் கேள்விகளுக்குப் பதில் இருந்திருக்காது. அந்தப் பெயரை மாற்றினால் படம் ஊரிலிருந்து பிடுங்கப்பட்டுவிடுகிறது.

அதே நிலநடுக்கத்தில் இன்னொரு சம்பவத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு வாரம் கழித்து, ஜனவரி 19. நகரின் கடைப்பகுதியில் இடிந்த கடைகளிலிருந்து பொருட்களை எடுத்துக்கொண்டு ஓடிய கூட்டத்தில் பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்தி. போலீஸ் துப்பாக்கியின் குண்டு தலையில் பாய்ந்து, சரிந்து கிடந்த கூரைமேலேயே விழுந்தாள். அவள் கையில் இருந்தவை ஃபிரேம் போட்ட சில அலங்காரப் படங்கள். அவற்றின்மேலேயே கிடந்தாள். அந்த நேரத்தில் ஊரெங்கும் வெளிநாட்டுப் புகைப்படக்காரர்கள் இருந்தார்கள். பலர் அவளைப் படம் எடுத்தார்கள். சுவீடனைச் சேர்ந்த பால் ஹான்சன் எடுத்த படம் அவர் நாட்டில் ஆண்டின் சிறந்த செய்திப்படப் பரிசுகளில் ஒன்றைப் பெற்றது. நேத்தன் வெபர் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் இன்னொரு கோணத்திலிருந்து ஒரு படம் எடுத்தார். அதில் அந்தச் சிறுமி கிடக்கிறாள், அவளுக்கு எதிரே புகைப்படக்காரர்கள் குனிந்தும் மண்டியிட்டும் வரிசையாக லென்ஸைத் திருப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தப் படம் வெளியானபோது பெரிய விவாதம் கிளம்பியது. எல்லோரையும் கழுகுகள் என்று திட்டிவிட்டுப் போவது எளிது. நான் அதில் சேரமாட்டேன். அவர்கள் அங்கே இல்லையென்றால், சுட்டது போலீஸ் என்பதும், செத்தது ஒரு குழந்தை என்பதும் அந்தக் கூரையைத் தாண்டி வந்திருக்காது. அவள் பெயரைத் தேடிக் கண்டுபிடித்ததும், குடும்பத்தைப் போய்ப் பார்த்ததும் அந்தப் படங்களைப் பின்தொடர்ந்த பத்திரிகையாளர்கள்தான். என்னை உறுத்துவது வேறு. அந்தப் பரிசுப் படத்துக்கு முந்தைய நாள் அவள் எப்படி இருந்தாள், எந்தத் தெருவில் என்ன விற்றாள் என்று காட்டும் படம் அவர்களில் யாரிடமும் இல்லை. இருக்கவும் முடியாது, அவர்கள் வந்ததே நாலு நாள் முன்புதான். சாதாரண நாட்களின் படம் என்பது ஊர்க்காரரிடம்தான் இருக்கும். ஊர்க்காரரின் படத்திலிருந்து பெயரை எடுப்பது எவ்வளவு பெரிய இழப்பு என்பது இங்கேதான் எனக்கு உறைத்தது.

மோரெல் வழக்குக்குப் பிறகு ஹைட்டியில் தெரு இன்னும் கொதித்தது. 2018 ஜூலையில் அரசாங்கம் எரிபொருள் விலையை ஒரே நாளில் கடுமையாக ஏற்றியது, மண்ணெண்ணெய் பாதிக்கு மேல் கூடியது. ஏழை வீட்டின் விளக்கு அது. ஊர் எரிந்தது, விலையேற்றம் திரும்பப் பெறப்பட்டது. ஆகஸ்டில் ஒரு திரைப்பட இயக்குநர் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு, பெட்ரோகரீபே பணம் எங்கே என்று எழுதிய அட்டையைப் பிடித்தபடி ஒரு படம் போட்டார். வெனிசுவேலாவின் மலிவு எண்ணெய்த் திட்டத்தால் நாட்டுக்குக் கிடைத்து, கரைந்துபோன பணத்தைப் பற்றிய கேள்வி. அட்டையைப் பிடித்த படம் ஆயிரக்கணக்கில் பெருகி, தெருவில் பேரணியாகி, 2019-இல் நாட்டையே மாதக்கணக்கில் பூட்டிப்போட்டது. பெயி லோக், பூட்டிய நாடு, என்றே அதற்குப் பெயர்.

இந்தக் கட்டத்தைப் படமாக்கியவர்களில் பெரும்பாலோர் ஹைட்டிக்காரர்கள். அதற்கான விலையையும் அவர்களே கொடுத்தார்கள். விளாத்ஜிமிர் லெகாஞர், தனித்து இயங்கிய இளம் புகைப்படக்காரர், 2018 மார்ச் 14 அன்று ஆயுதக் குழுக்களின் பிடியில் இருந்த கிரான் ராவின் பகுதிக்குப் படம் எடுக்கப் போனார். திரும்பவில்லை. 2019 செப்டம்பர் 23 அன்று செனட் வளாகத்தில் ஒரு செனட்டர் துப்பாக்கியை உருவிச் சுட்டபோது, ஏ.பி.யின் தியூ நாலியோ ஷெரியின் தாடையில் குண்டின் சிதறல் பாய்ந்தது. அந்த செனட்டர் துப்பாக்கியோடு நிற்கும் படத்தை எடுத்தவரும் ஷெரிதான். அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசின் இறுதிச் சுற்றுக்கு அவர் பெயர் வந்தது. பின்னர் மிரட்டல்களால் நாட்டைவிட்டே போக வேண்டியதாயிற்று. 2022 பிப்ரவரி 23 அன்று கூலி உயர்வு கேட்டுத் தெருவுக்கு வந்த ஆயத்த ஆடைத் தொழிலாளர்களைப் படமெடுத்த மாக்சிஹென் லாசார் சுட்டுக் கொல்லப்பட்டார்.

2024 நவம்பரில் தலைநகருக்கு வந்த விமானங்கள்மேல் குண்டுகள் பாய்ந்து அமெரிக்க விமானங்கள் நின்றுபோனபின், நாலு நாள் வந்து போகிறவர்கள் அநேகமாக இல்லை. அங்கிருந்து வரும் படங்களின் கீழே இப்போது ஊர்க்காரர்களின் பெயர்தான்: ஏ.பி.க்கு ஒடெலின் ஜோசஃப், ஏ.எஃப்.பி.க்கு கிளாரன்ஸ் சிஃப்ருவா. ஆமாம், அதே ஏ.எஃப்.பி. ஹைட்டி நெருக்கடியைப் பற்றிய சிஃப்ருவாவின் படத்தொகுப்புக்கு 2025-இல் உலகப் பத்திரிகைப் புகைப்படப் பரிசு கிடைத்தது, அவருடைய சொந்தப் பெயரிலேயே.

அதே 2025-இன் ஜூலை முதல் வாரத்தில் ஓலோஃப்சன் ஹோட்டலுக்குத் தீ வைத்தார்கள். அந்த வட்டாரம் ஆயுதக் குழுக்களின் கையில் இருந்ததால் யாராலும் நேரில் போய்ப் பார்க்க முடியவில்லை. எரிந்ததா இல்லையா என்று முதலில் வதந்திகள்தான் வந்தன. மோரெல் தன் பதின்மூன்று படங்களை ஏற்றிய அந்த மரவீடு இனி இல்லை என்பதை, டிரோன் வைத்திருந்த ஒருவர் மேலிருந்து பார்த்துச் சொல்லித்தான் அதை நடத்தியவர் உறுதிசெய்துகொண்டார்.